கியர்பாக்ஸே போச்சுன்னாங்க, போனது டிசிஎம்: புதூர் பக்கத்து ஒர்க்‌ஷாப் ரிவ்யூ

மதுரைல ஆட்டோமேட்டிக் வண்டி வச்சிக்கிட்டு, கிளட்ச் மாத்தவா கியர்பாக்ஸ் எறக்கவான்னு முழிச்சுட்டு இருக்கவங்க காச நீட்டுறதுக்கு முன்னாடி இத ஒருவாட்டி படிச்சிருங்க. கடை பேர் போடல, ஓனர் அண்ணனே வேணாம்னுட்டாரு, "நிக்கிற வண்டிக்கே எடமில்ல, நீங்க வேற எழுதிவிட்டு கூட்டத்த கூட்டாதீங்க"ன்னு. கே.புதூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் வந்து ஈசிஎம் (வண்டி இஞ்சினோட கம்ப்யூட்டர்) வேல பாக்குற எலக்ட்ரீசியன் யாருன்னு ஏதாச்சும் ஸ்பேர்ஸ் கடைல கேளுங்க, கைய காட்டுவாங்க.

என் வண்டி ஏஎம்டி. அதாவது உள்ள இருக்கது சாதா மேனுவல் கியர்பாக்ஸ்தான், நம்ம கால் அமுக்குற கிளட்ச், கை போடுற கியர் ரெண்டையும் ஒரு ஆக்சுவேட்டர் பாத்துக்கிரும், எப்ப போடணும்னு முடிவெடுக்கறது டிசிஎம்ங்கற குட்டி கம்ப்யூட்டர், சில கம்பெனில டிசியூம்பாங்க. 2014ல செலேரியோல வந்ததுக்கு அப்பறம் (என் வண்டி அது இல்ல) நம்மூர்ல ஏஎம்டி கண்டபடி பெருகிருச்சு, அத புரிஞ்சு பாக்குற மெக்கானிக்தான் பெருகல.

பிரச்சனை என்னன்னா, காலைல வெள்ளன எடுத்தா வண்டி பட்டு மாதிரி போகும், மத்தியான வெயில்ல கொஞ்ச நேரம் ஓட்டுனா மீட்டர்ல கியர் நம்பர் பிளிங்க் ஆகும், அப்பறம் நம்பரே காணாம போயிரும், ஒரே கியர்ல உறுமிக்கிட்டே வரும். நத்தம் பறக்கும் பாலத்து நடுவுல ஒருநா இப்படி ஆகி, 7 கிலோமீட்டருக்கு மேல நீளமான பாலத்துல எங்கிட்டு போய் ஓரங்கட்டறது சொல்லுங்க, இண்டிகேட்டர் ரெண்டையும் போட்டுக்கிட்டு பைய உருட்டிட்டே வந்தேன், பின்னாடி வந்தவன் எல்லாம் என் பரம்பரையவே இழுத்து வஞ்சிட்டு போனான். எறங்கி நிழல்ல போட்டு சூடு ஆறுனா மறுபடி நல்லாயிரும், அதான் கொடும, யார்கிட்ட கொண்டுபோய் காட்டுனாலும் அந்த நேரம் நல்லாவே ஓடும்.

கம்பெனி சர்வீஸ்ல ஸ்கேனர் மாட்டி பி0700ன்னு ஒரு கோடு (கோளாறு நம்பர்) வருது, கிளட்ச் செட்டும் ஆக்சுவேட்டரும் மாத்தணும், 70,000 கிட்ட ஆகும், அதுலயும் சரியாகலன்னா கியர்பாக்ஸ எறக்கித்தான் பாக்கணும்னாங்க. அந்த 'சரியாகலன்னா'லதான் நான் சாவிய வாங்கிட்டு கெளம்புனேன்.

இந்த கடைக்கு என் சித்தப்பா பையன் சொல்லி போனேன். போனதும் பி0700ன்னேன், அண்ணன் சிரிச்சிட்டாரு. "அது ஒண்ணுமே இல்லண்ணே, வீட்ல யாருக்கோ ஒடம்பு சரியில்லன்னு பக்கத்து வீட்டுக்காரன் சொல்ற மாதிரி, யாருக்கு என்னான்னு உள்ள போய்த்தான் கேக்கணும்"னாரு. விஷயம் இதுதான், பி0700ங்கறது டிசிஎம் கேட்டுக்கிட்டதால இஞ்சின் கம்ப்யூட்டர் லைட்ட போட்டுருக்குன்னு அர்த்தம், உண்மையான கோடு டிசிஎம்குள்ள இருக்கும், நம்ம போன்ல ப்ளூடூத்ல மாட்டுற ஆயிரம் ரூவா டாங்கிள் முக்காவாசி அதுவரைக்கும் போகாது. அவர் ஸ்கேனர்ல பாத்தா இஞ்சின் பக்கம் யூ0101ம் பதிஞ்சு கெடக்கு, அப்படின்னா டிசிஎம் கூட பேச்சே அத்துப்போச்சுன்னு. கிளட்ச் தேஞ்சா இந்த கோடு ஏண்ணே வரணும்னு கேட்டாரு, நியாயம்தான.

அதுக்கப்பறம் அவர் பாத்த வேலைக்குத்தான் இந்த ரிவ்யூவே. பார்ட்ஸ கழட்டல, மொதல்ல பேட்டரி, ஸ்டார்ட் பண்ணும்போது வோல்ட் எவ்ளோ எறங்குது, ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 கிட்ட குடுக்குதா. அப்பறம் பேட்டரி கேபிள கழட்டிட்டு ஸ்கேனர் மாட்டுற ஓபிடி சாக்கெட்ல 6ம் நம்பர் பின்னுக்கும் 14க்கும் நடுவுல ஓம்ஸ் பாத்தாரு, 60 காட்டுச்சு. ரெண்டு மொனைலயும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும்ணே, சேந்தா 60, ஒரு பக்கம் அத்துருந்தா 120 காட்டிரும்னாரு, ஆக கம்ப்யூட்டருங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிற கேன் ஒயர் ஓகே. டிசிஎம் என் வண்டில பேட்டரிக்கு பக்கத்துலயே இருக்கு, அந்த கனெக்டர கழட்டி கரண்டு வருதா எர்த்து வருதான்னு பாக்க மீட்டர தொடவே இல்ல, ஒயர் சாலிடர் பண்ணுன ஒரு 21 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்ப எடுத்தாரு. மீட்டர்ல ஒத்த இழை ஒயர் ஒட்டிக்கிட்டு இருந்தாலும் 12 வோல்ட் காட்டும், பல்ப எரிக்கச் சொன்னாத்தான் வண்டவாளம் தெரியும்னு. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சுச்சு. எலி கடிச்சிருக்குமோன்னு ஒயரிங் பூரா ஆட்டி ஆட்டி பாத்தாச்சு, அதுவும் இல்ல.

வண்டி ஆறிப்போயி நல்லா இருந்த நேரம், ஸ்கேனர் டிசிஎம் கூட ஒழுங்கா பேசிக்கிட்டு இருக்கு. கடை தம்பி ஒருத்தன் தலைக்கு காயவைக்கிற ஹேர் டிரையர கொண்டாந்து டிசிஎம் மேல மட்டும் சூடு காட்டுனான், பக்கத்து ஒயர்ல படாம அட்டைய மறப்பா பிடிச்சுக்கிட்டு. கொஞ்ச நேரத்துல ஸ்கேனர் கம்யூனிகேஷன் எர்ரர்னுருச்சு, மீட்டர்லயும் கியர் நம்பர் போயிருச்சு. டிரையர ஆஃப் பண்ணி ஃபேன் போட்டாங்க, திரும்ப வந்துருச்சு. எனக்கு சொல்லவா வேணும், 70,000 ரூவா கிளட்ச் என் கண்ணு முன்னாடி கரைஞ்சு போச்சு. பின்னாடி தெறந்து லென்ஸ்ல காட்டுனாரு, கனெக்டர் பின் ஒண்ணு போர்டுல ஒட்டுற எடத்துல சாலிடர சுத்தி முடி மாதிரி ஒரு வட்ட கீறல், சூட்டுல விரிஞ்சா விட்டுரும், ஆறுனா ஒட்டிக்கிரும்.

நான் ஒடனே அத பத்த வச்சு குடுங்களேன்னேன். 3,500க்கு பண்ணித் தர்றேன், ஆனா வாரண்டி கேக்காதீங்க, ஒரு பின் விட்டிருந்தா மத்ததும் அதே வெயில்லதான இருந்துச்சுன்னாரு. புதுப்பேட்டைல பழசு வாங்கலாமான்னும் கேட்டேன், மெட்ராஸ்ல கெடைக்கும், ஆனா லேபிள்ல பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் சேரணும், உள்ள சாஃப்ட்வேர் எந்த வண்டியோடதோ, ரிஸ்க் உங்களோடதுன்னாரு. யோசிச்சு புதுசுக்கே சொல்லிட்டேன், பார்ட் 31,000 சொச்சம்.

மாத்தறது ரெண்டு போல்ட்டு ஒரு கனெக்டர் வேலதான், சிறுசு. பெருசு அதுக்கப்பறம். புது மாட்யூல்ல சேசிஸ் நம்பர், வேரியண்ட் எல்லாம் ஏத்தணும், ஏத்தும்போது வோல்ட் எறங்குனா மாட்யூல் அங்கயே செத்துரும்னு பேட்டரில சார்ஜர மாட்டி வச்சுக்கிட்டுத்தான் லேப்டாப்ப தொட்டாரு. அப்பறம் லேர்னிங், கிளட்ச் எந்த எடத்துல கடிக்க ஆரம்பிக்குது, ஒவ்வொரு கியரும் எங்க உக்காருதுன்னு புது டிசிஎம் தானே தடவி பாத்து படிச்சுக்கணும், பிரேக்க மிதிச்சுக்கிட்டு நியூட்ரல்ல உக்காந்திருந்தேன், கீழ கடக் கடக்னு ஆக்சுவேட்டர் ஒவ்வொரு கியரா போட்டு போட்டு எடுக்குது. இத செய்யாம வண்டிய குடுத்தா ஒண்ணாவது கியர்ல குதிரை கணக்கா குதிக்கும், வேற எடத்துல மாத்துறவங்க லேர்னிங் போட்டீங்களான்னு கட்டாயம் கேளுங்க.

டெஸ்ட் டிரைவ் அழகர்கோவில் வரைக்கும் உச்சி வெயில்ல ஏசிய போட்டு என்னையவே ஓட்ட வச்சாரு. ஒரு பிளிங்க் இல்ல. இப்ப ஒரு கோடை தாண்டிருச்சு, கப்பலூர் டோல் வரிசைல ஊர்ந்து ஊர்ந்து நின்னப்பகூட ஒண்ணும் ஆகல.

கொறையும் இருக்கு, அதையும் சொல்லிர்றேன். ரொம்ப லேட்டு. நான் போனது சித்திரைத் திருவிழா சமயம், மூன்றுமாவடில எதிர்சேவைன்னு தம்பிங்க பூராம் கெளம்பிட்டாங்க, பார்ட் வந்தும் வண்டி சும்மாவே நின்னுச்சு. அதக்கூட விடுங்க, மதுரைக்காரன் அழகர் வர்ற நேரத்துல வண்டிய விட்டதுக்கு யார கோவிச்சுக்கறது. ஆனா போன் எடுக்க மாட்டாங்க, எப்ப முடியும்னா "சாயங்காலம்ணே"ன்னுதான் பதில், எந்த சாயங்காலம்னு கேக்கக் கூடாது. பில்லு கேட்டாத்தான் போடுறாங்க, கேட்டு வாங்கிருங்க, பார்ட்டுக்கு கம்பெனி வாரண்டி அந்த பில்லுலதான் நிக்கும். உக்கார எடம்னு ஒரு பழைய ஆம்னி சீட்டு, அதுல எப்பவும் ஒரு பூனை.

மொத்தம் செக்கிங் 1,500, கோடிங் லேர்னிங் எல்லாம் சேத்து 4,000, பார்ட் தனி. செக் பண்றதுக்கே காசான்னு அங்க ஒருத்தர் கத்திட்டு போனத நானே பாத்தேன், எனக்கு அந்த 1,500தான் இந்த வண்டிக்கு நான் செலவழிச்சதுலயே உருப்படியான காசு. சாதா சர்வீஸ், ஆயில் மாத்தறதுக்கு இங்க போகாதீங்க, நாளாக்கிருவாங்க. வேற எங்கயும் கண்டுபிடிக்க முடியாத எலக்ட்ரிக்கல் கோளாறா, நேரா போங்க. அஞ்சுக்கு நாலு குடுக்கலாம், போன எடுத்திருந்தா நாலரை.

ஞாயித்துக்கெழம லீவு, ஜீபே உண்டு, கார்டு கெடையாது. கழட்டுன பழைய மாட்யூல மறக்காம கேட்டு வாங்கிக்கங்க, நீங்களா கேக்கலன்னா அது அங்கேயே தங்கிரும்.