உப்புக் காற்றில் இரண்டு பழைய ஆல்ட்டோக்கள்

உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரத்துக்கு அலுவலகம் போய்வர எனக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ஆகிறது. மாதத்துக்கு 1,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டுதான் 2016-இல் முதன்முதலாகப் பழைய கார் தேடத் தொடங்கினேன். அப்போது பார்த்தவர்களிடமெல்லாம் நான் கேட்டது ஒன்றுதான்: வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு என்பதைத் தெரிந்துகொள்ள இரண்டு ஆண்டுகளும் 38,000 ரூபாயும் ஆயின.

முதலில் அமைந்தது, ராமேசுவரம் தீவில் ஒருவர் வைத்திருந்த 2013 மாடல் ஆல்ட்டோ 800. மீட்டரில் 29,000 கிலோமீட்டர்தான் காட்டியது. ஒரே ஓனர், வெள்ளை நிறம், பின்சீட்டில் ஆள் உட்கார்ந்த அடையாளமே இல்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். பழைய மாருதி 800-இன் வழிவந்தது என்பதால் எந்த ஊர் மெக்கானிக்குக்கும் கைவந்தது. சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 22.74 கிலோமீட்டர் என்பதை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். 2,10,000 ரூபாய்க்குப் பேசி முடித்தபோது, வண்டியைக் கடல் பக்கம் கொண்டுபோனதே இல்லை என்று விற்றவர் உறுதியாகச் சொன்னார். பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் கடல் இல்லாத பக்கம் எது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

2018 ஆடி மாதம், கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த நாட்களில், ஓட்டுநர் இருக்கைக்குக் கீழிருந்து ஈரச்சாக்கு நாற்றம் வரத் தொடங்கியது. ராமநாதபுரத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் மிதியடியை எடுத்துவிட்டு, தரை விரிப்பையும் அதன் அடியில் இருந்த நனைந்த பஞ்சையும் உரித்துப் போட்டார். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தரைத் தகரத்தை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று வந்துகொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் அட்டையைத் தட்டியதுபோல் மழுங்கியது. ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி அங்கே ஓர் அழுத்து அழுத்தினார். பிடிவரை உள்ளே இறங்கிவிட்டது. அவர் அதை உருவிய ஓட்டை வழியாகப் பட்டறையின் மணல் தெரிந்தது. "தம்பி, மேலே பெயிண்டு இருக்கு, கீழே வண்டி இல்லை" என்றார்.

இது வண்டியைச் செய்தவர்களின் குறை அன்று. எந்தப் பெயர் தாங்கிய வண்டிக்கும் இங்கே இதே கதிதான். காற்றில் வரும் உப்பு தகரத்தில் படிந்து, இரவின் ஈரத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. ஆகையால் மழை பெய்யாவிட்டாலும் அந்த இடம் முழுமையாகக் காய்வதில்லை. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்புப் பூச்சும் தேவைப்பட்டிருக்கின்றன என்றால், ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்த கார்த் தகரத்தின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. அரிப்பு முதலில் தெரியும் இடங்கள் சில உண்டு. கதவுகளின் அடியோரத்தில் தண்ணீர் வடிவதற்கென்று விட்டிருக்கும் துளைகள் மணலால் அடைபட்டு, கதவு உள்ளிருந்தே அழுகிவரும். பின்சக்கர வளைவின் உள்மடிப்பு, ஜாக்கி வைக்கும் விளிம்பு, பேட்டரித் தட்டின் அடிப்பகுதி ஆகியவை அடுத்தடுத்து வரும். என் வண்டியில் இவை அத்தனையும் இருந்தன. அதோடு, முன்பே யாரோ துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார்ப்பூச்சு அடித்திருந்ததால், உப்பும் ஈரமும் உள்ளே பத்திரமாகப் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. வெளியிலிருந்து பார்த்தபோது அந்தக் கறுப்புப் பூச்சைத்தான் நான் நல்ல பராமரிப்பு என்று நினைத்திருந்தேன்.

பாய் நல்ல தகரம் வரும்வரை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, பிரைமர் அடித்து, அதன் பிறகே அடிப்பூச்சு கொடுத்தார். தரை, இரண்டு பின்வளைவுகள், நான்கு கதவுகளின் அடியோரம் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்கு, லிட்டருக்கு 18 கொடுக்கும் வண்டியில் ஏறக்குறைய 667 லிட்டர் வேண்டும். 20 கொடுக்கும் வண்டியில் 600 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மிச்சம் ஆண்டுக்கு 6,700 ரூபாய்தான். நான் ஓடியாடித் தேடிய இரண்டு கிலோமீட்டர் மைலேஜின் ஐந்தரை ஆண்டு மிச்சத்தை ஒரே டிங்கரிங் பில் விழுங்கிவிட்டது.

அந்த வண்டியை 2019-இல் விற்றேன். அடியில் நடந்த வேலையை வாங்கியவரிடம் மறைக்காமல் சொன்னதில் விலை நன்றாகவே குறைந்தது. அடுத்த வண்டியைக் கடற்கரை ஊர்களில் தேடுவதில்லை என்று முடிவு செய்து மதுரைக்குப் போனேன். 2015 மாடல் ஆல்ட்டோ கே10, மீட்டரில் 81,000 கிலோமீட்டர். குறைவாக ஓடிய வண்டியை விற்றுவிட்டு 81,000 ஓடியதை வாங்குகிறானே என்று வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் போகும்போது குளிர்சாதனப் பெட்டியின் கதவிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போயிருந்தேன். பள்ளத்தை நிரப்பும் பட்டிப் பசை கனமாகப் பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாமல் நழுவும். அந்த வண்டியில் இடது முன்பக்கத் தகட்டில் மட்டும் நழுவியது. சிறிய இடியொன்றைச் சரிசெய்தது என்று உரிமையாளரே ஒப்புக்கொண்டார். நம்பர் பிளேட்டை மட்டும் நம்பக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மதுரைப் பதிவெண்ணோடு கடலோர ஊரான மண்டபத்தில் ஐந்து ஆண்டுகள் நின்ற வண்டியும் இருக்கும். சர்வீஸ் பில்கள் எந்த ஊரில் போடப்பட்டவை என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி. பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்கள் வேண்டும். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பழைய ஓனருக்குக் கிடைத்த நோ கிளைம் போனஸ் சலுகை நமக்கு வராது.

கிளட்ச் செட், முன்பக்க புஷ்கள், பேட்டரி, இரண்டு டயர்கள் என்று தொடக்கத்தில் 24,000 ரூபாய் செலவழித்தேன். இந்த 998 சிசி எஞ்சினில் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் இருப்பதால் பெல்ட் மாற்றும் செலவு மிச்சம். ஒரே பெட்ரோல் பங்கில், பம்பு முதல் முறை தானாக நிற்கும்வரை நிரப்பி எடுத்த கணக்குப்படி, 800 எனக்கு ஏசியோடு சராசரியாக 18 கொடுத்தது. கே10 20 கொடுத்தது. பெரிய எஞ்சின் அதிகம் குடிக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் சான்றளிக்கப்பட்ட மைலேஜே கே10-க்கு 24.07, அதாவது 800-ஐவிடக் கூடுதல். 48 குதிரைத்திறன் கொண்ட 800-இல் நான்கு பேர் ஏறி, ஏசியும் போட்டு, கச்சானுக்கு எதிராக ஓட்டும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே இருக்க வேண்டியிருந்தது. 68 குதிரைத்திறன் உள்ள கே10-இல் அந்த அவசியம் இல்லை.

2022-இல் இந்த 20 மெல்ல இறங்கி 16.5-இல் வந்து நின்றது. ஒரு பட்டறையில் பிளக் மாற்றினார்கள், த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார்கள், இன்ஜெக்டர்மேல் பழி போட்டார்கள். 4,500 ரூபாய் போனதே தவிர மைலேஜ் ஏறவில்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்து இறங்கியதும் தற்செயலாக முன் இடது சக்கரத்தின் அருகே புறங்கையைக் கொண்டுபோனேன். அனல் அடித்தது, வலது சக்கரம் வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது. சக்கரத்தின் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பர் நகரும் ஊசிகள் உப்பில் துருவேறி இறுகி, காலை எடுத்த பிறகும் பிரேக் லேசாகப் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. ஊசிகளை எமரித் தாளால் தேய்த்து, பிரேக்குக்கு உரிய கிரீஸ் வைத்து, ரப்பர் உறைகளை மாற்றுவதற்கு 600 ரூபாய் ஆனது. அடுத்த டேங்க்கில் 19.5 வந்தது. அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்துவிடுகிறேன். அதுவும் இப்படியே இறுகிவிடக் கூடாது என்று இரவில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுவதையும் நிறுத்திவிட்டேன். கியரில் போட்டுச் சக்கரத்துக்கு ஒரு கல் வைப்பதே போதுமானது.

வாட்டர் வாஷ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடலோடு ஒட்டிய நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்புதான். அந்தத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியைக் கழுவினால், காற்று போகாத மடிப்புக்குள்ளும் உப்பை நாமே ஏற்றிவிட்டதாக ஆகும். மழை மாதங்களில் தொட்டியில் பிடித்து வைத்த தண்ணீரைத்தான் நான் அடிப்பகுதிக்குப் பயன்படுத்துகிறேன். குடம் கணக்கில் தண்ணீர் வாங்கும் ஊரில் காருக்கு நல்ல தண்ணீரா என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பது காதில் விழாமல் இல்லை.

கீழக்கரையில் இருக்கும் என் மைத்துனர் 814 சிசி ஹூண்டாய் இயான் வைத்திருக்கிறார். உட்காரும் வசதியும் உள்வேலைப்பாடும் ஆல்ட்டோவைவிட ஒரு படி மேல். மைலேஜ் அவர் கணக்கில் 17. உடன் வேலை செய்பவரிடம் டாடா நானோ ஒன்று இருந்தது. 624 சிசி, பின்னால் எஞ்சின், 15 லிட்டர் டேங்க். சந்துகளில் திருப்புவதற்கு அதைப்போல் ஒரு வண்டி இல்லை. ஆனால் பாம்பன் பாலத்தில் குறுக்குக் காற்று வீசும்போது அந்த உயரமும் எடைக் குறைவும் தெரியும் என்பார். உற்பத்தி 2018-இல் நின்றுவிட்டதால், நன்றாக இருந்தாலும் இன்று அதை வாங்கச் சொல்ல மாட்டேன். மாதம் 1,000 கிலோமீட்டருக்குப் பழைய டீசல் வண்டி வாங்குவது வீண் வேலை.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு என் கணக்கில் அரை கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருக்கிறது. எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால் இது எதிர்பார்க்கக் கூடியதே. 2015 மாடல் இந்தக் கலவையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதன்று. ஆகையால் பெட்ரோல் குழாய்களின் ரப்பரை ஒவ்வொரு சர்வீஸிலும் தடவிப் பார்க்கச் சொல்கிறேன்.

மீட்டர் இப்போது 1,46,000-ஐத் தாண்டிவிட்டது. சென்ற வாரம் பின் இடது வளைவின் உள்மடிப்பில் நாணயம் அளவுக்குப் பெயிண்ட் உப்பியிருப்பதைப் பார்த்தேன். பாயிடம் காட்டியதற்கு, மழைக்கு முன்னால் கொண்டுவந்தால் சுரண்டிப் பிரைமரோடு முடித்துவிடலாம், மழைக்குப் பிறகு வந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார். புரட்டாசி முடிவதற்குள் வண்டியை விடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.