கடை கம்ப்யூட்டருக்கு நிலையான ஐபி: சில வருட அனுபவம்

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். பிரிண்டர் மாட்டியிருக்கும் டெஸ்க்டாப்புக்கு நிலையான ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டரை அடையாளம் காட்டும், மாறாத எண்) போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. காசே செலவழிக்காமல் கடைக்கு இவ்வளவு நிம்மதி தந்த வேலை வேறில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே கரண்ட் போய்ப் போய் வரும். ரவுட்டர் அணைந்து எழுந்ததும் முகவரிகளை மறுபடி பங்கு வைக்கும். 192.168.1.5 ஆக இருந்த டெஸ்க்டாப் 8 ஆகிவிடும். பழைய 5 யாருடைய போனுக்கோ போயிருக்கும். மற்ற கம்ப்யூட்டர் பிரிண்டரைப் பழைய எண்ணிலேயே தேடும். புராஜெக்ட் ரிப்போர்ட்டோடு கல்லூரிப் பிள்ளைகள் காத்து நிற்க, அடுத்த கம்ப்யூட்டரில் இருக்கும் தம்பி, "அண்ணாச்சி, பிரிண்ட் போகமாட்டேங்கு" என்பான். இப்போது அந்தப் பேச்சே இல்லை.

போடுவது எளிது. நெட்வொர்க் செட்டிங்ஸில் ஐபியை மேனுவலாக மாற்றி முகவரி, சப்நெட் (நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் எண்), கேட்வே (ரவுட்டரின் முகவரி), டிஎன்எஸ் (வெப்சைட் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சர்வர்) கொடுத்தால் போதும். விண்டோஸ் 10-இல் ஒரே ஓர் இடம் இடறும்: சப்நெட் கட்டத்தில் 255.255.255.0 என்று அடித்தால் சேமிக்காது, வெறும் 24 என்று அடிக்க வேண்டும். டிஎன்எஸ்ஸைக் காலியாக விட்டால் பிரிண்ட் போகும், ஆனால் வெப்சைட் எதுவும் திறக்காது. நான் 8.8.8.8, 1.1.1.1 கொடுத்திருக்கிறேன்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதி வேலை ரவுட்டரில் இருக்கிறது. நாம் எடுத்துக்கொண்ட எண்ணை ரவுட்டர் இன்னொரு போனுக்கும் கொடுத்துவிடலாம். அப்போது இரண்டும் மோதி, இணைப்பு விட்டு விட்டு வரும். அதனால் டிஹெச்சிபி வரம்பை (ரவுட்டர் தானாகப் பங்கு வைக்கும் முகவரிகளின் கடைசி எண்ணை) 100 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டு, அதற்கு வெளியே டெஸ்க்டாப்புக்கு 50 வைத்திருக்கிறேன். இதைச் செய்யாமல் நிலையான ஐபி போடவே வேண்டாம் என்பேன்.

குறை ஒன்று உண்டு. நெட் கம்பெனிக்காரர் ரவுட்டரை மாற்றியபோது கேட்வே 192.168.0.1 ஆகிவிட்டது. போன்களில் எல்லாம் நெட் வந்தது, டெஸ்க்டாப்பில் மட்டும் இல்லை. புது எண்களைப் போட்ட பிறகுதான் சரியானது. ரவுட்டரை அடிக்கடி மாற்றுகிறவர்கள் கம்ப்யூட்டரை ஆட்டோமேட்டிக்கிலேயே விட்டுவிட்டு, அதன் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டுக்கென்றே உள்ள அடையாள எண்ணுக்கு) ஓர் ஐபியை ரவுட்டரிலேயே ஒதுக்கிக்கொள்ளலாம். புது ரவுட்டர் வந்தாலும் நெட் நிற்காது. ஒதுக்கீட்டையும் பிரிண்டர் இணைப்பையும் மட்டும் திரும்பப் போட வேண்டியிருக்கும்.