பெக்கா பி40: சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தாருக்கு எவ்வளவு உதவும்?

இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு என்றாலே தனியார் காப்புறுதி தயங்கும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான மலேசிய அரசின் சுகாதாரத் திட்டமான பெக்கா பி40 அப்படியில்லை. சந்தா கிடையாது, அரசே செலவை ஏற்கிறது. எஸ்.டி.ஆர். எனும் அரசு ரொக்க உதவி பெறுபவரும் துணைவரும் 40 வயதை எட்டியிருந்தால் போதும். மைகார்டு எனும் அடையாள அட்டையோடு, பதிவுபெற்ற கிளினிக்குக்கு உடல்நலப் பரிசோதனைக்குப் போகலாம்.

பலர் தவறுவது இரண்டாம் வருகையில்தான். முதல் நாள் இரத்தம், சிறுநீர் எடுப்பார்கள். முடிவை விளக்குவது அடுத்த முறை. தோட்டத்தில் ஒருநாள் சம்பளம் போனாலும் அதைத் தவறவிடாதீர்கள்.

இருதய ஸ்டென்ட், செயற்கை மூட்டு போன்ற கருவிகளுக்கு 20,000 ரிங்கிட் வரை உண்டு. அரசு மருத்துவமனை வழியாகத்தான் விண்ணப்பம், ஆகவே முந்திக்கொண்டு கைக்காசில் வாங்க வேண்டாம். புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்போருக்கு 1,000 ரிங்கிட் ஊக்கத்தொகை. தனியார் மருத்துவமனை வார்டு பில்லை இது கட்டாது. பெரிய குறை அதுதான்.