கும்பகோணம் ஞாயிறு ஸ்பானிஷ் வகுப்பு: ‘என்’, ‘உன்’ பாடம் எப்படி?

கும்பகோணத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் தொடக்கநிலை ஸ்பானிஷ் வகுப்பில் உடைமைச் சொற்களுக்கு 2 வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் வாரம் அருமை. இரண்டாவது வாரப் பாடத்தைத் திருத்தியே ஆகவேண்டும்.

மி (என்), து (உன்), சு (அவனுடைய, அவளுடைய) மூன்றும் எளிது. உடைமைப் பொருள் பன்மையானால் மிஸ், துஸ், சுஸ். ‘து’வை ‘தும்பை’யின் ‘து’ போலச் சொன்னால் போதும், ‘டு’ வேண்டாம். சிக்கல் ‘நம்முடைய’வில்தான். ஸ்பானிஷில் பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு; உடைமைப் பொருளின் பாலையும் ஒருமை பன்மையையும் பொறுத்து அதற்கு நாலு உருவம். இதற்கு ஆசிரியர் அட்டை வைத்திருக்கிறார்: ஆண்பால் பெயர் நீலம், பெண்பால் சிவப்பு. அரிசி நீலம், ஆகவே நுவெஸ்த்ரோ அர்ரோஸ். பசு சிவப்பு, நுவெஸ்த்ரா பாக்கா. நாலு பசு என்றால் நுவெஸ்த்ராஸ் பாக்காஸ். பேசுவது நாலு ஆண்கள் என்பதற்காக ‘நுவெஸ்த்ரோஸ் காஸா’ என்று விழுகிறவர்கள் அதிகம். வீடு ஒன்று, அது பெண்பால், நுவெஸ்த்ரா காஸாதான். கை, அதாவது மானோ, ஆண்பால் போல ஓகாரத்தில் முடிந்தாலும் சிவப்பு அட்டை. இதை முதல் நாளே காட்டிவிடுவது நல்ல யோசனை.

இரண்டாவது வாரம் பாடம் ஆங்கிலப் புத்தகத்துக்குத் தாவுகிறது, அங்கேதான் கெடுகிறது. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதில் ‘என்’ கிடையாது. ஸ்பானிஷிலும் அப்படியே: மே துவேலே லா கபேஸா. ‘மே’ என்றால் ‘எனக்கு’. இவ்வளவு நெருக்கமான வாக்கியத்தை ஆங்கிலம் வழியாகச் சுற்றிக் கொண்டுபோவதால் மாணவர்கள் ‘மி கபேஸா’ என்று தொடங்கிவிடுகிறார்கள். ‘என்னுடையது’ என்பதையும் தமிழ் வழியே சொல்லித்தந்திருக்கலாம்: எஸ்தா காஸா எஸ் மீயா, இந்த வீடு என்னுடையது. பல வீடுகளில் ‘என்னுடையதுதான் இது’ என்று பொறுக்கிக் காட்டும்போதுதான் முன்னால் ‘லா’ சேரும்: எஸ் லா மீயா. பயிற்சித்தாளில் இந்த வேறுபாடே இல்லை.

‘சு’வுக்கு அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய, மரியாதையான உங்களுடைய என எல்லாப் பொருளும் உண்டு. குழப்பம் வந்தால் ‘லா காஸா தே எயா’, அவளுடைய வீடு, என்று பிரித்துச் சொல்லவேண்டும். தமிழருக்கு அவன், அவள் தெளிவு பழகிப்போனது. இதற்கு அரைமணி நேரமாவது கொடுக்கவேண்டும். இங்கே 5 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஸ்பெயினில் நண்பர்கள் பலரைப் பார்த்து ‘உங்களுடைய’ என்று சொல்லும் ‘புவெஸ்த்ரோ’வை லத்தீன் அமெரிக்காவில் பேச்சில் கேட்க முடியாது, அங்கே அதற்கும் ‘சு’தான் என்பதையும் விட்டுவிட்டார்கள்.

முதல் வார அட்டைகளுக்காகவே சேரலாம். இரண்டாவது வாரத்துக்குப் போகுமுன் ஒரு தாளில் ‘என்’ வரும் 10 வாக்கியங்களைத் தமிழில் எழுதிக்கொண்டு போய், ஒவ்வொன்றுக்கும் ஸ்பானிஷ் கேளுங்கள். கேட்டால் ஆசிரியர் பொறுமையாகச் சொல்லித்தருகிறார்.