புலாவ் உபினில் ஐவர் கழித்த ஒரு பகல்

தொடக்கக் கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐவர், பல ஆண்டுகளுக்குப் பிறகு சென்ற மாதம் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்குச் சென்று வந்தோம். சாங்கி பாயிண்ட் படகுத்துறையிலிருந்து புறப்படும் பம்போட் என்னும் சிறு விசைப்படகுக்கு நேர அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்ததும் படகை எடுக்கிறார்கள். ஆளுக்கு 4 வெள்ளி, ரொக்கமாகக் கொடுத்தோம். மற்ற எழுவருக்காகக் காத்திருந்த அரைமணி நேரத்தில்தான், கைப்பேசிக் குழுவில் வாழ்த்துப் படங்கள் மட்டுமே பகிர்ந்துகொண்டிருந்த நாங்கள், யாருடைய தாயார் மறைந்தார், யார் வேலையை விட்டார் என்பதையெல்லாம் நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அந்தக் காத்திருப்பை நான் குறையாகக் கருதவில்லை.

கடலைக் கடக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தீவில் வாடகைக்கு எடுத்த சைக்கிள்களில் ஒன்றின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை; கடையை விட்டுக் கிளம்புமுன் ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

தீவின் கிழக்குக் கரையிலுள்ள செக் ஜாவா சதுப்புநிலப் பகுதிக்குள் சைக்கிளுக்கு அனுமதியில்லை என்பதால், வாசலில் நிறுத்திவிட்டு, கடலோரமாகவும் சதுப்புநில மரங்களுக்கிடையிலும் செல்லும் நடைபாலத்தில் மெதுவாக நடந்தோம். 2001ஆம் ஆண்டு இறுதியில் கடலை மண்ணிட்டு நிரப்பும் நிலமீட்புத் திட்டம் ஒத்திவைக்கப்பட்டதால் தப்பிய இந்தக் கரை, நாங்கள் மாணவர்களாக வந்து பார்த்தபோது இருந்த அமைதியை இன்னும் இழக்கவில்லை. நீர் வற்றும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துச் சென்றால் நண்டுகளை அருகில் காணலாம்.

திரும்பி வந்து சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் சாப்பிட்டோம். அடுத்த பயணத்துக்கான தேதியை அங்கேயே குறித்துவிட்டோம்.