கையைத் தூக்கச் சொல்லி அளவெடுக்கும் தையல் கடை

லிங்கராஜபுரம் மேம்பாலத்துப் பக்கம் காய்கறி வண்டிகள் நிற்கும் சந்தில் உள்ளே நடந்தால், மாவு மில்லை ஒட்டி நீல ஷட்டர் போட்ட ஒரு சின்னத் தையல் கடை வரும். பெயர்ப்பலகை கிடையாது. "பாய் கடை எது?" என்று கேட்டால் மில்லில் இருப்பவர்களே கை காட்டுவார்கள். பதினொரு வருஷமாக என் ஜாக்கெட், என் மாமியாரின் ஜாக்கெட், என் மகளின் சுடிதார் எல்லாம் அங்கேதான். பெங்களூரில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற பெண்களுக்கு நல்ல தையல்காரர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவள் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் சபையில் ஜாக்கெட் கை முழங்கை வரை வர வேண்டும். பின் கழுத்து நாலு இஞ்சுக்கு மேல் இறங்கக் கூடாது. கயிறு, குஞ்சம், ஜன்னல் கழுத்து எதுவும் கூடாது. இதைச் சொன்னால் மற்றக் கடைகளில் என்ன நடக்கும் தெரியுமா? "பாட்டி மாடலா மேடம்?" என்று கேட்பார்கள். ஒரு கடையில் அளவு ஜாக்கெட் கொடுத்தும், "இதுதான் இப்போ நல்லா இருக்கும்" என்று தாங்களாகவே பின் கழுத்தை ஏழு இஞ்ச் இறக்கிவிட்டார்கள். துணி போனதுதான் மிச்சம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முழுக்க முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாய் கடைக்கு முதல் தடவை போனபோது அவர் அளவு ஜாக்கெட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு டேப்பை எடுத்தார். மார்பு, இடுப்பு, தோள் எல்லாம் அவர் மனைவிதான் அளந்தார். அவர் நோட்டில் எழுதிக்கொண்டே திரும்பாமல் சொன்னார்: "கையை மேல தூக்குங்க சிஸ்டர். சபையில தூக்குற மாதிரி நல்லாத் தூக்குங்க." தூக்கினேன். கையைத் தூக்கியபடி நிற்கும்போதே அவர் மனைவி ஜாக்கெட் எவ்வளவு மேலே ஏறுகிறது என்று இன்னொரு அளவு எடுத்தார்.

இதை வேறு யாரும் எனக்குச் செய்ததில்லை. கை நீளமாக, இறுக்கமாக இருந்து, அக்குள் வெட்டு கீழே இறங்கியிருந்தால், கையைத் தூக்கும்போது ஜாக்கெட் முழுவதும் கூடவே மேலே வரும். இடுப்பு தெரியும். "அடக்கமான" ஜாக்கெட் போட்டுக்கொண்டு, துதி நேரத்தில் கையைப் பாதியிலேயே நிறுத்துகிற சகோதரிகளை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். பாய் அக்குள் வெட்டை மேலே ஏற்றி, உடம்பு நீளத்தை ஒரு இஞ்ச் கூட்டி, கைக்கு அக்குளில் சின்னத் துண்டு ஒன்று வைத்துத் தைக்கிறார். இரண்டு மணி நேரம் கைதட்டிப் பாடினாலும் எதையும் இழுத்துவிட வேண்டியதில்லை. இந்த ஒன்றுக்காகவே நான் வேறு கடைக்குப் போகவில்லை.

வெள்ளைத் துணி விஷயத்திலும் அவருக்கு நல்ல கை. எங்கள் மாமியார் வெள்ளை தவிர வேறு உடுத்த மாட்டார்கள். 1924-ல் இலங்கையில் ஆரம்பித்த தி பெந்தெகொஸ்தே மிஷனின் வெள்ளுடை ஊழியர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். ஜாக்கெட் தைக்கிற மெல்லிய பருத்தித் துணியான வெள்ளை டூ பை டூ ரூபியாவை லைனிங் இல்லாமல் தைத்தால் வெளிச்சத்தில் உள்ளே தெரியும். லைனிங்கை நனைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே சுருங்கி, மேல் துணி கொப்புளம் கொப்புளமாக நிற்கும். பாய் லைனிங்கை முந்தின ராத்திரியே வாளியில் ஊறப்போட்டு, கடைக்குள் கட்டிய கொடியில் காயவைத்து, இஸ்திரி போட்டுத்தான் வெட்டுகிறார். காலையில் போனால் கொடியில் வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

அப்புறம் அந்த நோட்டு. நீள அட்டை போட்ட கணக்கு நோட்டு. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சபைக்கு ஒரு குறி வைத்திருக்கிறார். இந்தச் சபை என்றால் முழங்கைக்குக் கீழே, அந்தச் சபை என்றால் முக்கால் கை, இன்னொன்றில் கழுத்து மட்டும் பார்ப்பார்கள், கை பார்ப்பதில்லை. சுடிதாருக்குத் துப்பட்டா கட்டாயமா, முக்காடு போடுகிற அளவுக்கு அகலம் வேண்டுமா என்றுகூட எழுதி வைத்திருக்கிறார். ஒரு மூன்று கிலோமீட்டர் சுற்றளவுக்குள் எத்தனை ஒழுங்குகள் என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. எல்லாரும் ஒரே வேதத்தைத்தான் வாசிக்கிறோம்.

இந்த இடத்தில் என் சொந்த விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பதினெட்டு வயதில் மார்த்தாண்டம் பக்கத்தில் ஞானஸ்நானம் எடுத்தபோது, எங்கள் சபையில் நகை போடுவதில்லை என்பதால், காதிலிருந்ததைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்தக் கம்மலை விற்றுத்தான் அண்ணனுக்கு ஐடிஐ ஃபீஸ் கட்டினார்கள். இப்போது காது ஓட்டை தூர்ந்தே போய்விட்டது. "எத்தனை பவுன்?" என்று கேட்டுத்தான் பெண்ணைப் பார்க்க வருகிற ஊரில், பவுனே வேண்டாம் என்று ஒரு கூட்டம் சொன்னது எவ்வளவு பெரிய விடுதலை என்பது எனக்குத் தெரியும். (பவுன் கேட்பது நின்றதே தவிர, ரொக்கம் கேட்பது நிற்கவில்லை. அதைப் பற்றி ஏன் இவ்வளவு கண்டிப்பாகப் பிரசங்கம் பண்ணுவதில்லை என்று பலமுறை வருத்தப்பட்டிருக்கிறேன்.)

என் மகளுக்கு இருபத்திரண்டு வயது. மான்யதா டெக் பார்க்கில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காதில் சின்னதாக ஒரு பொட்டுக் கம்மல் போட்டுக்கொண்டாள். திருவிருந்து ஆராதனையில் தட்டு எங்கள் வரிசைக்கு வந்தது. எனக்குக் கொடுத்தார்கள். அவளைத் தாண்டிப் பக்கத்து சகோதரிக்குப் போனது. ஒரு வார்த்தை சொல்லவில்லை, தட்டு மட்டும் தாண்டிப் போனது. அவள் கையை நீட்டி வைத்திருந்தாள். நான் என் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூப்பரிடம் போய்க் கேட்டேன். 1 தீமோத்தேயு 2:9, 1 பேதுரு 3:3 இரண்டையும் காட்டினார். ஓரேபில் இஸ்ரவேலர் ஆபரணங்களைக் கழற்றியதையும், யாக்கோபு காதணிகளைக் கர்வாலி மரத்தடியில் புதைத்ததையும் சொன்னார். நான் அந்த வசனங்களை ஏற்கிறவள்தான். ஆனால் தீமோத்தேயு நிருபத்தில் பொன்னோடு சேர்த்து மயிர் பின்னுவதும் விலையேறப்பெற்ற வஸ்திரமும் இருக்கிறதே? எங்கள் சபையில் பின்னல் போடாத பெண் ஒருத்தி இல்லை. பதினாலாயிரம் ரூபாய்ப் பட்டு கட்டி வந்தால் "நல்லா இருக்கு சிஸ்டர்" என்கிறார்கள். தங்க நிற வாட்ச் கட்டிய கையால்தான் அந்தத் தட்டும் வந்தது. என் மகள் கேட்டது வேறு: ரெபெக்காளுக்கு ஆபிரகாமின் ஊழியக்காரன் காதணியும் கடகமும் கொடுத்தது தப்பா, கெட்டுப்போய்த் திரும்பி வந்த மகனின் கைக்கு அப்பா மோதிரம் போட்டது தப்பா என்று. அவளுக்கு அவர் பதில் சொல்லவில்லை. "இடறலாக இருக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

நகை போடாமல் இருப்பது நான் ஆண்டவருக்குக் கொடுத்தது. அதைப் பந்திக்கு டிக்கெட்டாக மாற்றியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இப்போதும் அந்தச் சபைக்குத்தான் போகிறேன், இதை அங்கேயும் சொல்லியிருக்கிறேன். மகள் ஹென்னூர் ரோடு பக்கம் வேறு ஆராதனைக்குப் போகிறாள்.

பாய் கடையில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு தரம் இந்தப் பேச்சு வந்தது. ஒரு அக்கா ஹூஸ்டனில் இருக்கும் தங்கைக்காக ஆறு நீளப் பாவாடை தைக்கக் கொடுத்திருந்தார். தங்கை போவது யுனைடெட் பெந்தெகொஸ்டல் சர்ச். 1945-ல் இரண்டு அமைப்புகள் சேர்ந்து உருவான ஐக்கியம் அது. அங்கே பெண்கள் பேண்ட் போடக் கூடாது, தலைமுடியில் கத்தரி படக் கூடாது. டிவியில் விளம்பரம் செய்யலாமா கூடாதா என்பதிலேயே பிளவு வந்திருக்கிறது. 2007-ல் செய்யலாம் என்று தீர்மானம் நிறைவேறியதும், ஒத்துக்கொள்ளாத ஊழியர்கள் பிரிந்துபோய்த் தனி ஐக்கியம் தொடங்கினார்கள். எங்கள் சபையில் முடி வெட்டுவதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டதே இல்லை, மல்லிகைப்பூ வைத்தால்தான் கேள்வி. அந்தத் தங்கைக்குப் பூ ஒரு பிரச்சினையே இல்லையாம். ஆனால் இடுப்புத் தெரிகிற சேலையை அங்கே உடுத்திப் போகத் தயங்குகிறாளாம். உலகத்தாரைப் போல இருக்கக் கூடாது என்றுதான் இரண்டு பக்கமும் சொல்கிறார்கள். எந்த உலகம் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது.

என் மாமியாரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு எண்பத்தொன்று. கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம் பக்கத்து ஆட்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் மேலாடை போட உரிமை கேட்டு அடிபட்டதைப் பாட்டி சொல்லக் கேட்டவர்கள். மிஷனரிகளின் மனைவிமார் தைக்கச் சொல்லிக் கொடுத்த குப்பாயம் என்ற மேல்சட்டையை மேல்சாதியார் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். 1859-ல்தான் திருவிதாங்கூர் உத்திரம் திருநாள் மகாராஜா அறிவிப்பு போட்டார், அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. முழுக்கை ஜாக்கெட் என்றால் மாமியாருக்கு அது சட்டம் இல்லை, சம்பாதித்த மானம். அதைக் கேட்ட பிறகு என் மகள் அவர்களிடம் கையைப் பற்றி எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் 'எப்படி உடுத்த வேண்டும் என்று வேறு ஒருத்தர் சொல்லக் கூடாது என்றுதானே அந்தக் காலத்துப் பெண்கள் அடிபட்டாங்க?' என்று என்னிடம் தனியாகக் கேட்டாள். எனக்கு அது சரியாகவே பட்டது.

போன மாதம் மூன்று பேரும் சேர்ந்தே கடைக்குப் போனோம். உறவில் ஒரு கல்யாணம், மகளுக்கு முதல் சேலை ஜாக்கெட். பாய் கேட்டார்: "கை எவ்வளவு?"

"ஆறு இஞ்ச்" என்றாள் மகள்.

"பத்து வையும் மக்களே" என்றார்கள் மாமியார்.

பாய் இருவரையும் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்தார். "துணி இருக்கு. பத்துக்கு வெட்டி, ஏழுல மடிச்சு உள்பக்கம் கைத்தையல் போட்டுத் தர்றேன். வேணும்னா பிரிச்சு இறக்கிக்கலாம், தடம் தெரியாது." மாமியார் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "அந்த மூணு இஞ்சும் உள்ளயே இருக்குமா?" என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு மகள் ஏழு இஞ்சில்தான் போட்டாள். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்கள்.

குறைகளும் உண்டு. அளவு பார்க்கும் இடத்துக்குக் கதவு இல்லை, திரை மட்டும்தான். அவர் மனைவி கடையில் இல்லாத நேரத்தில் புது ஆட்கள் போகாதீர்கள், மறுபடி வரச் சொல்லிவிடுவார். சொன்ன தேதிக்கு இரண்டு நாள் தள்ளித்தான் தருவார், அதைக் கணக்கில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு தரம் இடது கை இறுக்கமாகிவிட்டது. உள்ளே துணி விட்டிருந்ததால் அரை மணி நேரத்தில் பிரித்துச் சரிசெய்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஆரி வேலை, எம்பிராய்டரி எதுவும் கிடையாது. வண்டி நிறுத்த இடமில்லை.

எனக்கு லைனிங் ஜாக்கெட் 550, லைனிங் இல்லாமல் 350, சேலைக்கு ஃபால்ஸ் வைக்க 120 வாங்கினார். கார்டு கிடையாது, ஜிபே உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடிவிடுவார், மூன்று மணிக்குத் திறப்பார். எங்கள் உபவாச ஜெபம் முடிந்து நடந்து வரச் சரியாக இருக்கும். டிசம்பர் பத்துக்கு மேல் புதுத் துணி வாங்க மாட்டார். புதுவருஷ ஆராதனைக்கு வேண்டுமென்றால் நவம்பரிலேயே கொடுத்துவிடுங்கள்.