வெஸ்டாவில் என்ன கல்? ஏற்காட்டு மொட்டை மாடியில் ஒரு கிரேட்டிங்கோடு மூன்று வருடம்

பார்ப்பதற்குச் சின்னக் கண்ணாடி வில்லை. மில்லிமீட்டருக்கு 100 கோடு கீறிய கிரேட்டிங். கேமராவின் மூக்கில் ஃபில்டர் மாதிரி திருகிவிட்டால், நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே அதன் ஒளி நிறமாலையாக விரிந்து விழும். ஆறு அங்குலத் தொலைநோக்கியோடு ஏற்காட்டில் சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில் வைத்திருக்கிறேன். வாங்கியதே வெஸ்டா போன்ற குறுங்கோள்களின் மேற்பரப்பில் என்ன கல் என்று பார்க்கத்தான்.

"கல்லு பாக்க மலையேறி வரணுமா கண்ணு? கீழ குவாரியில இல்லாததா?" என்பார் சித்தப்பா. கேலி என்றாலும் பாதி உண்மை. சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறையில் உள்ள ஆர்த்தோபைராக்சீன் இனக் கனிமம் வெஸ்டாவின் மேலும் கிடக்கிறது. 900 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியை அது விழுங்கிவிடும்; நிறமாலையின் வரைபடத்தில் அங்கே ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை வைத்துத்தான் 1970-இல் மெக்கார்ட் குழுவினர் வெஸ்டாவைப் பசால்ட் எனும் எரிமலைப் பாறை வகை விண்கற்களோடு பொருத்திக் காட்டினார்கள்.

முதல் வருடம் வீண். என்னிடம் இருந்தது கலர் கேமரா. அதற்குள் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி இருப்பது தெரியாமல் கிரேட்டிங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். கறுப்பு வெள்ளை கேமராவுக்கு மாறினால், 800-க்கு மேல் இறங்க வேண்டிய வரைபடக் கோடு ஏறுகிறது! கிரேட்டிங் இரண்டு மடங்கு விரித்துப் போடும் இரண்டாம் வரிசை நிறமாலையின் 400 நானோமீட்டர் ஊதா வந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு சிவப்பு ஃபில்டர் போட்டதும் சரியானது.

2025 மே மாதம் வெஸ்டா நன்றாகப் பளிச்சிட்டது. ஏற்காட்டில் அது சீசன் வேறு. கார் வெளிச்சம் ஓய்வதற்கே நள்ளிரவாகிவிடும். வெஸ்டாவில் பட்டு வருவது சூரிய ஒளிதானே, அதனால் சூரியனை ஒத்த 18 ஸ்கார்ப்பி நட்சத்திரத்தையும் எடுத்து, அதால் வகுத்தால்தான் கல்லின் தடம் மட்டும் மிஞ்சும். ஒரு நாள் சோம்பலில் ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்தேன். அதற்குள் உயரம் மாறிவிட்டதால், 760-இல் நம் காற்றின் ஆக்சிஜன் வெட்டு அப்படியே நின்றது. மறுநாள் இரண்டையும் ஒரே உயரத்தில் எடுத்தேன். 750 வரை ஏறிய கோடு, அப்புறம் பளிச்சென்று சரிந்தது. அக்டோபரில் மஞ்சு விலகிய ஒரே இரவில் எடுத்த சீரிஸ் (Ceres) குறுங்கோளின் கோடோ, கிட்டத்தட்டத் தட்டையாக வந்தது.

பள்ளத்தின் அடிவரை போக முடியாது. 900 தாண்டினால் சிலிக்கான் சென்சார் களைத்துவிடும். மங்கலான குறுங்கோள்களும் ஆறு அங்குலத்துக்குப் பிடிபடவில்லை. பெரிய தொல்லை பனிதான். மாடியில் பத்து நிமிடம் மூடாமல் விட்டால் கண்ணாடி வேர்த்துவிடுகிறது. இப்போது கிரேட்டிங் அரிசி டப்பாவில்தான் தூங்குகிறது, சித்திக்குத் தெரிந்துதான்.